அரைப்பேர்

கடல் தாண்டி ஏதோவொரு நகரத்தில்
சாராயம் நிரம்பிய சீசாவுக்குள்
பொகவந்தலாவைக்கு மேலே
எங்கள் பத்தாம் நம்பர் மலையின் தவளை
கால் மடக்கி உட்கார்ந்திருக்கிறது.
கண் வெளுத்துவிட்டது.
இடுப்பில் நூல், நூலில் சீட்டு,
சீட்டில் லத்தீனில் இரண்டு பேர்.

நதீஷானி போனில் காட்டினாள்.
கட்டைவிரல் நகத்தளவு உடம்பு.
பிடித்த வருடம் இருக்கிறது,
பிடித்த துரையின் கையெழுத்து இருக்கிறது.
"அதுக்குப் பிறகு யாரும் காணல்ல" என்றாள்,
கடைசி பஸ் போய்விட்டது
என்று சொல்கிற குரலில்.

அந்த வருடம்தான்
மலையை எரித்துக் கோப்பி போட்டார்கள்.
காட்டை விழுத்தியது கோடாரி.
கோடாரிக்குக் கை உண்டு.
மன்னாரில் இறங்கி
மாத்தளை வழியாக நடந்து
கூட வந்த பாதிப் பேரைக்
காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு
மேலே ஏறிய கை.
என் கை மாதிரியே இருந்திருக்கும்,
சுண்டுவிரல் கொஞ்சம் கோணலாக.
அந்தக் கைக்குரிய பேர்
எந்தச் சீட்டிலும் இல்லை.

இந்தச் சாதித் தவளைக்குக்
குளம் வேண்டாம்.
வாலோடு நீந்தும் பிள்ளைப்பருவம் கிடையாது.
ஈரச் சருகுக்குள் முட்டை,
முட்டைக்குள்ளேயே முழுத் தவளை.
அது கேட்பதெல்லாம்
ஒரு கைப்பிடி நனைந்த சருகு.
நாங்களோ தேயிலைக்கு அடியில்
சீப்பால் வாரியதுபோல்
துப்புரவாக வைத்திருக்கிறோம்.
அதற்குத்தான் சம்பளம்.

ஓடையோரம் மட்டும்
காடு ஒரு துண்டு மிச்சம்.
இரவுக்கு ஆயிரத்தைந்நூறு எனக்கு,
டோர்ச் பிடிக்க, அட்டை பிடுங்க,
அதைவிட முக்கியமாக
சும்மா இருக்க.
முதலில் என் மூச்சுத்தான் பெரிதாகக் கேட்கும்.
பிறகு ஓடை.
பிறகு லயத்திலிருந்து
டிவி நாடகத்தில் யாரோ அழுவது.
அதற்கும் அடியில்
ஏழெட்டு வகைத் தவளைகள்.
ஒவ்வொன்றையும் அவள் குறித்துக்கொள்வாள்.
சீசாவில் இருப்பது மட்டும்
குறிப்பில் வராது.

முப்பத்தேழாம் இரவு
தூறல் விட்ட நேரம்
பாறைக்கு அடியில்
டிக்.
நதீஷானி என் மணிக்கட்டை இறுக்கினாள்.
வலித்தது. சொல்லவில்லை.
டிக்.
அவ்வளவுதான்.
விடியும்வரை உட்கார்ந்திருந்தோம்.

இலையிலிருந்து சொட்டியிருக்கலாம்.
நனைந்த டோர்ச்சே முனகியிருக்கலாம்.
சீசாவில் இருப்பதன் வாரிசாகவும் இருக்கலாம்,
அது யாரைக் கூப்பிட்டதோ,
பதில் சொல்ல இன்னொன்று இருந்ததோ.
அவள் தாளில் கேள்விக்குறி போட்டாள்.
எங்கள் செக்ரோலில்
இதற்கு வார்த்தை உண்டு என்றேன்.
நாள் முழுக்க மலையில் நின்றும்
நிறை குறைந்தால்
வந்தும் வராத ஆளாக எழுதுவார்கள்:
அரைப்பேர்.
அவள் சிங்கள எழுத்தில்
அதை அப்படியே எழுதிக்கொண்டாள்.

காலையில் பெரட்டு.
தியாகுவின் முதுகில் பதினாறு லீட்டர் டேங்க்,
மூக்கில் துவாய்த் துண்டு.
பத்தாம் நம்பரில் புல்லுக்கு மருந்து.
"பாறையைச் சுத்தி
நாலு முழம் விட்டுடு."
"ஏன்?"
"தவளை."
அவன் சிரிக்கவில்லை.
ராத்திரி பூராவும் இருமியவன்.
"டேங்க் மிஞ்சினா
எனக்கும் அரைப்பேர்தான், தெரியுமில்ல?"
தெரியும்.

பாறைவரைக்கும் அடித்துக்கொண்டு வந்தான்.
நின்றான்.
குழாயின் வாயைத் திருகி மூடினான்.
நான் கூடையை மாட்டிக்கொண்டு
நிரைக்குப் போனேன்.
திரும்பிப் பார்க்கும்போது
அவன் ஓடைப்பக்கம் குனிந்திருந்தான்,
டேங்க் மூடி திறந்திருந்தது.

மிச்சத்தை எங்கே ஊற்றினாய் என்று
இன்றுவரை நான் கேட்கவில்லை.
அந்த ஓடை
பாறையைச் சுற்றி வளைந்து
கீழே வருகிறது,
எங்கள் பீலிக்கு.