பூச்சாடித் துளை

பர்கூர் ரோட்டில் எங்கள் பட்டறை.
கறுப்புக் கல்லை அறுத்து, இழைத்து,
முகம் தெரியும்வரை பாலிஷ் போட்டு
போலந்துக்கு அனுப்புகிறோம்.
அங்கே யாராவது இறந்துகொண்டே இருப்பதால்
இங்கே எனக்குச் சனிக்கிழமை சம்பளம்.

கல் பார்க்க வந்த வெள்ளைக்காரர்
போகும்போது என் கையில் ஒரு காசு வைத்தார்.
டிப்ஸ் என்று நினைத்தேன்.
ஒரு பக்கம் கிரீடம் வைத்த கழுகு.
மறுபக்கம் முள்ளெலி.
தலைவர் இல்லை, போர் இல்லை,
முதுகெல்லாம் முள்ளோடு ஒரு முள்ளெலி
எங்கேயோ அவசரமாகப் போகிறது.
ஓர் அரசாங்கமே உட்கார்ந்து யோசித்து
இதை அடித்திருக்கிறது என்பதை
இரண்டு நாள் என்னால் நம்ப முடியவில்லை.

அன்று பிடித்தது.

இலியாஸ் பாய் ஹார்பரில் கன்டெய்னரை இறக்கிவிட்டுத்
திரும்பும்போதெல்லாம் பர்ஸின் ஜிப் அறையில்
எனக்கென்று ஏதாவது இருக்கும்.
ஜப்பான் காசில் ஆளே இல்லை. நெற்கதிர், தண்ணீர்,
நடுவில் ஓட்டை; அரைஞாண் கயிற்றில் கோக்கலாம்.
அயர்லாந்தின் பழைய பென்னியில் குஞ்சுகளோடு கோழி.
இங்கிலாந்து மட்டும் ஒரே அம்மாளைத் திரும்பத் திரும்ப அடித்து
காசுக்குக் காசு கழுத்துச் சதை தளர்வதை
ஒளிக்காமல் காட்டியிருக்கிறது.
அதில் ஒரு நேர்மை இருக்கிறது என்றேன்.
"நம்ம ஆதார் போட்டோ மாதிரி" என்றார் பாய்.

நம்முடையவை தனி டப்பாவில்.
லென்ஸ் வைத்தால் ஆண்டுக்குக் கீழே
வைரக்குறி மும்பை, நட்சத்திரம் ஐதராபாத்,
ஒன்றுமே இல்லையென்றால் கல்கத்தா.
ஒரு ராத்திரி கரண்ட் இல்லை.
எமர்ஜென்சி லைட்டில் வரிசையாக அடுக்கியபோதுதான் பட்டது:
நடுவில் முகம்.
சுற்றி வளைத்துப் பெயர்.
கீழே இரண்டு ஆண்டுகள், இடையில் சிறு கோடு.
பகலெல்லாம் பட்டறை வரைபடத்தில் நான் பார்ப்பது.
நாம் கல்லறைக் கல்லைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
பஸ் ஏறுகிறோம்.
கல்லறைக்குக் கல் வாங்குகிறவர்கள்
முள்ளெலியை வைத்திருக்கிறார்கள்.

மாரப்பன் டீக்கடையில் எதுவும் செல்லாது.
பத்து ரூபாய்க் காசை நீட்டினால்
"வேணாண்ணா, யாரும் வாங்கறதில்ல."
"ரிசர்வ் பேங்க் குடுத்ததுப்பா."
"ஒண்ணுல பத்து கோடு, ஒண்ணுல பதினஞ்சு.
ஒண்ணுல ரூவா குறி இருக்கு, ஒண்ணுல இல்ல.
ஒரே வீட்டுப் புள்ளைங்க இப்படியா இருக்கும்?"
பதில் இல்லை.
எனக்கு எது பிடித்ததோ
அதுதான் அவனுக்குச் சந்தேகம்.

நாகவேணி கல்லில் பூச்சாடிக்குத் துளை போடுவாள்.
துளையிலிருந்து கழன்று விழும் உருளை
நேராகக் குப்பைக்குப் போகும்.
ஒன்றை எடுத்து ஒரு வில்லை அறுத்தேன்.
கிருஷ்ணகிரிக்குக் காசு அடித்தால் என்ன போடுவது?
மாம்பழம் என்றாள் வேணி. எல்லாரும் மாம்பழம்தான் சொல்வார்கள்.
மலைக்கோட்டை என்றார் பாய்.
டோல்கேட் என்றேன், சிரித்தார்கள்.
நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.
முடிவாகாமலே தேய்த்துத் தேய்த்து
மூவாயிரம் நம்பர்வரை போய்விட்டேன்.
எதுவும் செதுக்கவில்லை.

இன்று காலை இருபது ரூபாய் நோட்டோடு
அதையும் சேர்த்து வைத்தேன்.
மாரப்பன் எடுத்தான், புரட்டினான்,
அதில் தெரிந்த மீசையின் ஒரு நுனியை மட்டும்
முறுக்கி விட்டுக்கொண்டான்.
பிறகு ஃபேன் காற்றில் துடித்த நோட்டுகளின்மேல்
அதை அழுத்தி வைத்துவிட்டு
மீதி எட்டு ரூபாயை எண்ணிக் கொடுத்தான்.
அதில் ஓர் அஞ்சு ரூபாய்க் காசு,
டீத்தூளும் சர்க்கரையும் அப்பியிருக்கிறது.
எந்த ஊர் அடித்தது என்று
கழுவினால்தான் தெரியும்.