வெட்டு எண் நான்கு

லிஸ்பன், 1971

மூன்றாம் ரீல். மத்தி மீன் ஆலையில்
டப்பா மூடும் பதினொரு வயதுக்காரி
கூலியை எண்ணிக் காலுறைக்குள் திணிக்கிறாள்.
பிறகு ஆண்களைப் போலவே
சுவரில் சாய்ந்து ஒரு சிகரெட்.

"நிறுத்துங்கள்" என்றார் கர்னல்.
பாதிரியாருக்குச் சிகரெட் மட்டும் போனால் போதும்.
கர்னலுக்குக் காலுறையும் ஆகாது:
நம் நாட்டுப் பிள்ளைகள் அப்படியில்லையாம்.
ஒரு மணி நேரம் அந்தப் புகையிலேயே கழிந்தது.
ஆலையைப் பற்றி
ஒருவரும் வாய் திறக்கவில்லை.

நான் சுருக்கெழுத்துக்காரி.
கேட்பதுதான் வேலை.

ஏழரைக்குக் கீழ்வீட்டுக்காரியின் தொலைபேசியில்
எர்மெலிண்டாவைக் கூப்பிட்டேன். ஒன்பது வயது.
"தம்பி தூங்கிட்டான். கிழங்கு வடிச்சாச்சு.
கையில கொஞ்சூண்டுதான் சுட்டுது.
நீ மெதுவா வா."

திரும்பி வந்து தட்டச்சு செய்தேன்:
காரணம் – குழந்தைகள் பார்க்கத் தகாதது.
மூன்று பிரதி.
கடைசி டிராம் ஒன்பதே காலுக்கு.