ஒரே ரேக்கில் இரண்டு குழாய்

காட்பாடியில் ரயிலிறங்கி வந்தது சுறா ரத்தம்.
காசிமேட்டு ஏசுபாலன்
தெர்மகோல் பெட்டியில் கட்டி அனுப்பியிருந்தான்.
மே மாதம். ஐஸ் பாதிக்குமேல் தண்ணீர்.
பாலாற்றுப் பாலத்தின் கீழே
மணலும் முள்ளுமாய்க் கிடந்தது ஆறு.
இந்த ஊரில் கடல் வாசம் என்றால்
எங்கள் ஃப்ரிட்ஜைத் திறந்தால்தான்,
அதுவும் கொஞ்சம் மூத்திர நெடியோடு.

சுறாவுக்கு எலும்பு இல்லை.
ஆகவே மஜ்ஜையும் இல்லை.
மூன்றாம் மாடியில் மஜ்ஜைக்குக் காத்திருக்கிறார்கள்,
இதை நான் லிஃப்டில் சொல்வதில்லை.

மஜ்ஜை இல்லாமலே அது காவல் வைத்திருக்கிறது.
ஆல்பா, பீட்டா, காமா, டெல்ட்டா:
நம் டி செல்லின் மேல் முளைத்த அதே நான்கு கை.
போதாதென்று
ஆன்டிபாடியின் தலையொன்றைக் கொய்து
டெல்ட்டாவின் கழுத்தில் வைத்துக்கொண்டிருக்கிறது,
பிள்ளையாருக்கு வைத்தது மாதிரி.

எல்லாம் ஒரு திருட்டில் தொடங்கியது என்கிறார்கள்.
ஐம்பது கோடி வருஷம் முன்பு
தாவித்திரிந்த ஒரு மரபணு,
வெட்டவும் ஒட்டவும் மட்டுமே தெரிந்தது,
ஏதோ ஒரு மூதாதையின் உடம்பில் புகுந்தது.
துரத்த முடியவில்லை. வேலை கொடுத்துவிட்டார்கள்.
திருடன் கையில் சாவி.
அவன் வெட்டி ஒட்டிக் கலைத்துப்போட்டதில்
ஒவ்வொரு செல்லுக்கும் வேறு வேறு கை,
இன்னும் பிறக்காத கிருமிக்கும் ஒன்று.

ரேக்கில் அடுத்த குழாய்: தர்ஷிக், ஐந்து மாதம், குடியாத்தம்.
டி செல்: பூஜ்யம்.
பி செல்: பூஜ்யம்.
மெஷின் கெட்டுவிட்டதென்று இரண்டாம் முறை ஓட்டினேன்.
பூஜ்யம்.

அப்பா தாமோதரன். தீப்பெட்டிக் கம்பெனியில் லேபிள் ஒட்டுகிறவர்.
நகக்கண்ணில் காய்ந்த பசை.
"அக்கா மகளைத்தான் கட்டினேன் மேடம்.
அதனாலயா?"
ரிப்போர்ட் டாக்டர்தான் சொல்வார் என்றேன்.
எனக்குத் தெரிந்திருந்தது.

ராத்திரி திரையில் வரிசைகளை
ஒன்றின்கீழ் ஒன்றாய் அடுக்கினேன்.
கோழி, தவளை, சுறா, நான்.
ஆயிரத்துச் சொச்சம் எழுத்தில் எத்தனையோ மாறியிருக்க
ஓரிடத்தில் மட்டும்
ஐம்பது கோடி வருஷமாய் யாரும் கைவைக்கவில்லை.
தர்ஷிக்கிடம் அங்கே வேறு எழுத்து.
சுறா சரியாக எழுதியிருந்தது.

கரண்ட் போய் ஜெனரேட்டர் உறுமியது.
திரை அணைந்து வந்தபோதும்
அந்த எழுத்து அங்கேயே.

இத்தனை நாள் பிள்ளையைக் காத்தது
தொப்புள்கொடி வழி வந்த அம்மாவின் ஆன்டிபாடி,
இரவல் சரக்கு, தீர்ந்துகொண்டிருந்தது.
காலையில் அவளைக் காரிடாரில் பார்த்தேன்,
பெயர் கோமளவல்லி, இருபது வயதிருக்கும்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குழந்தை.
கேட்காமலே சொன்னாள்:
"பால் ஊறணும்னு
நாப்பது நாளும் சுறாப் புட்டுதான் மேடம் தின்னேன்.
ஒரு நாள் விடல."