எறும்பின் கால்

ராதோம் நகரில் இன்று மைனஸ் பதினொன்று.
சோதனைக்கூடத்தின் ஜன்னலில்
பனி உள்பக்கமும் பூத்திருக்கிறது.
போகுமிவா சீட்டு எழுதி ஒட்டுகிறாள்:

தட்டு: மேலே குரோமியம் ஆக்சைடு,
இரண்டு தலைமுடி கனம்.
பந்து: வெறும் உருக்கு,
மிளகைவிடச் சற்றுப் பெரிது.
எண்ணெய்: துத்தநாகமும் பாஸ்பரஸும் கந்தகமும் சேர்த்தது.
மூடி திறந்தால் அழுகிய பூண்டு வாடை.
அது ஸ்வெட்டரில் மூன்று நாள் குடியிருக்கும்;
பஸ்ஸில் பக்கத்து இருக்கை
காலியாகவே வீடு வரைக்கும் வரும்.

பத்து நியூட்டன் பாரம். இருபதாயிரம் சுற்று.
இரவு முழுக்கத் திரையில் கோடு
ஒரு தடவைகூடத் துள்ளவில்லை.

காலையில் வந்த இரெனேயுஷ்
கோட்டைப் பார்த்தார்,
கோட்டைக் கழற்றாமலே.
"வழுக்கிக்கொண்டு போகிறதே!
அறிக்கை எழுதிவிடு."

அவள் எழுதவில்லை.
பந்தைக் கழற்றி, துடைத்து,
நுண்ணோக்கியின் அடியில் வைத்தாள்.
உருண்டை ஒரு பக்கம் உருண்டையாக இல்லை.
சின்னஞ்சிறு மேஜை போட்டாற்போல் ஒரு தட்டை.
தட்டில் கீறல் தேடினாள்.
தேடிக்கொண்டே இருந்தாள்.

எறும்பு ஊரக் கல்லும் தேயும். சரி,
எறும்பின் காலை யார் அளந்தார்கள்?

பிறகுதான் கண்ணில் பட்டது:
சுழல்பாதையின் ஓர் ஓரத்தில்
பந்து இழந்த இரும்பு
மெழுகினாற்போல் அப்பிக் கிடக்கிறது.
அதன்மேல் மட்டும்
நீலமும் பழுப்புமாய் ஒரு படலம்.
மற்றபடி பீங்கானோடு
அந்த எண்ணெய்க்குப் பேச்சுவார்த்தையே இல்லை.
அதற்கு இரும்பு வேண்டும்.
பந்து தன்னைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்த பிறகே
காவல் வந்து உட்கார்ந்திருக்கிறது,
அதுவும் எதிராளி வீட்டில்.

இரெனேயுஷ் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.
இப்போது கோட்டைக் கழற்றினார்.
"எவ்வளவு போயிருக்கும்?"
"தராசுக்குத் தெரியாது.
தழும்பின் விட்டம் தொள்ளாயிரத்துப் பத்து மைக்ரான்."
"அப்படியென்றால் ராத்திரி முழுக்க அந்தக் கோடு பொய்யா?"
"இல்லை. அதனிடம் கேட்டது வேறு கேள்வி."

அவர் கெட்டிலைத் தட்டிவிட்டு
எதுவும் சொல்லாமல் நின்றார்.
அவள் டப்பாவைத் திறந்தாள்.
உள்ளே இன்னும் நாற்பது பந்துகள்,
எல்லாம் முழு உருண்டை.
இடுக்கியால் ஒன்றை எடுத்தாள்.
கையால் தொடக்கூடாது;
விரலின் பிசுக்கும்
ஒரு சேர்மானம்தான்.