மண் விழுந்த பக்கம்

முதல் குழிக்கு ஒரு செங்கல்.
இரண்டாவதற்கு இரண்டு செங்கல், ஒரு வசவு.
மூன்றாவதில் புரிந்தது:
பட்டனுக்கு வேலி என்றால்
மேலே நிற்கும் பலகை இல்லை,
பலகை முடிந்துபோகிற இடம்.

யார்க்டனில் ஏப்ரல் கடைசியில்தான் மண் இளகும்.
அதுவரை தரை இரும்பு, எனக்கு நிம்மதி.
பனி வடிந்த முதல் வாரமே
வேலிக்கடியில் மூக்கு.
பாதி ஹீலர், மீதி யாருக்குத் தெரியும்;
இடது காது மட்டும் எந்நேரமும்
எதையோ நம்பாமல் நிற்கும்.

ஆளுக்கொரு வைத்தியம் வைத்திருந்தார்கள்.
மிளகாய்த்தூள் தூவு என்றான் டுமான்ஸ்கி.
தூவினேன். தும்மிக்கொண்டே தோண்டினாள்.
அவள் கழிவையே குழியில் போட்டு மூடு என்றாள்
தபால் கொண்டுவரும் பெர்னடெட்.
அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகாதது
நான் ஒருத்திதான்.
ஆற்றுக் கற்கள் பதித்தேன். பல்லிடுக்கில் நாக்குப்போல
இடுக்கு இடுக்காகத் துழாவினாள்.
பந்து எறிந்து களைக்க வை என்றார்கள்.
களைத்தது என் தோள்.

இருபத்திரண்டு வருடமாக நகராட்சிக்கு கிரேடர் ஓட்டுகிறேன்.
எந்தச் சரளைச் சாலை எங்கே உள்வாங்கும் என்று
என் வயிற்றுக்குத் தெரியும்.
பதினெட்டுக் கிலோ நாயிடம் மண் விஷயத்தில் தோற்பதா?

கோழிக்கம்பி வலை, நூறடி.
வேலியோரப் புல்லைப் பாய்போலச் சுருட்டி எடுத்து
வலையை நீளவாக்கில் மடித்து
பாதியை வேலியில் அறைந்து, பாதியை
என் பக்கத் தரையில் படரவிட்டு
மேலே புல்லைத் திரும்ப விரித்தேன்.
வெட்டிய முனைகள் கையைக் கிழித்தன.
ஒவ்வொன்றையும் குறடால் உள்ளே மடக்கினேன்,
அவள் பாதத்துக்காக.

வந்தாள். பறித்தாள். நகம் கம்பியில் பட்டு
டிங் என்றது.
பூட்டை மாற்றிவிட்ட வீட்டுக்காரியைப் பார்ப்பதுபோல்
என்னைப் பார்த்தாள்.

மூன்று வாரம்.
பிறகு ஒரு வியாழக்கிழமை, லைலாக் புதரருகே,
மூன்றாவது கம்பத்தடியில், குழி.

மண்டியிட்டுப் பார்த்தேன்.
நாய் தோண்டினால் மண் பின்னங்கால்களுக்கு நடுவே தெறிக்கும்,
விசிறிபோல, என் பக்கம்.
இந்த மண் அந்தப் பக்கம் கிடந்தது.
ரொட்டித் தகரத்தைக் கவிழ்த்ததுபோல் ஒழுங்காக.
குழிச்சுவரில் நகக்கீறல் இல்லை,
தோட்டக் கரண்டியின் வழவழப்பான வளைவுகள்.
யாரோ முழங்கைவரை உள்ளே விட்டு
வலையைக் கத்தரித்திருந்தார்கள்.
முனைகளை மடக்கியும் விட்டிருந்தார்கள்.

அந்தப் பக்கம் அகாதா தீசன்.
கேரட் பாத்தி நாசம் என்று நகராட்சிக்கு
இரண்டு புகார் எழுதியவர்.
இரண்டிலும் முழுப்பெயர், சாய்வில்லாத கையெழுத்து.

அழைப்புமணி அடித்தேன்.
கதவைத் திறந்தார். பாவாடையில்
முழங்கால் அளவுக்கு இரண்டு மண்வட்டம்.
உள்ளே மேசைக்கடியில் ஒரு வால்
தரையை அடித்துக்கொண்டிருந்தது.

“உங்கள் வேலி சரியில்லை.”
“தெரியும்.”
“கம்பி மட்டமான கம்பி.”
“கடையில் அதுதான் இருந்தது.”
“நாய் என்றால் கட்டுக்குள் இருக்கவேண்டும்.”
“ஆமாம், மிஸஸ் தீசன்.”

கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்து வந்தேன்.
அவள் வாயில் வெண்ணெய் வாசனை.

கிழிசலைத் தைக்கப் புது வலை வாங்கினேன்.
மூன்றாவது கம்பத்தில் மட்டும் இரண்டு சாண் குறைந்தது.
அளந்துதான் வாங்கினேன்.
கடைக்குத் திரும்பப் போக நேரமில்லை என்று
கேட்காத டுமான்ஸ்கியிடம் சொன்னேன்.

நவம்பரில் தரை மறுபடி இரும்பானது.
அலுவலகத்தில் என் மேசைமேல் ஒரு நகல்:
மூன்றாவது புகார். அண்டைவீட்டு வேலியில் திறப்பு,
பல மாதங்களாகச் சீர்செய்யப்படவில்லை,
உடனடி நடவடிக்கை தேவை. முழுப்பெயர்.

மாலை வீடு திரும்பி டார்ச் அடித்துப் பார்த்தேன்.
குழி அப்படியே உறைந்திருந்தது.
அடியில், வயிறு உரசும் இடத்தில்,
பழுப்புக் கம்பளம் ஒரு துண்டு,
குழியின் அளவுக்கு வெட்டியது.