சொல் உடையும் தூரம்

முதல் கோட்டைக் கணினியில் போடவில்லை.
நாகலூரில், காப்பிக்கொட்டை காயும் களத்தில்
கூத்துக்கார அங்கமுத்துவைக் கிழக்கே நிறுத்திவிட்டு
பின்னாலேயே நடந்தேன், எண்ணிக்கொண்டு.
வேஷம் கட்டாமல், கழுத்தில் மப்ளரோடு
ராணியாகிச் சபையைக் கேள்வி கேட்டார்.
முப்பத்தெட்டாவது எட்டில்
சொல் உடைந்து வெறும் குரலானது.
அங்கே ஒரு கல் வைத்தேன்.
அதுதான் கடைசி வரிசை.

இன்ஜினியர் சகாயராஜ் சிரித்தார்:
பனிமூட்டத்தில் அளந்தது செல்லாது மேடம்.
வெயிலில் மறுபடி போனோம். நாற்பத்தொன்று.
நான் பனியின் கணக்கையே வைத்துக்கொண்டேன்.

மேடைக்குப் பலா.
மிருதங்கத்துக்கு ஆகிற மரம்
சலங்கைக் காலுக்கும் ஆகட்டும்.
செவ்வாய்ப்பேட்டை மரக்கடையில்
முகவீணை தாசப்பன் ஒவ்வொரு பலகையாய்
விரல்முட்டியால் தட்டி, காதை வைத்து,
மூன்றை ஒதுக்கினார்: இதெல்லாம் ஊமை.
கடைக்காரர் அவற்றுக்கும் அதே விலைதான் சொன்னார்.
ஊமைகளையும் வாங்கினேன், பக்கச் சுவருக்கு.
எல்லாம் பேசினால்
கேட்பது எது?

உத்தரத்துக்குத் தோட்டத்துச் சில்வர் ஓக்,
மிளகுக்கொடி பற்றி ஏறிய தழும்போடு.
இழைக்கச் சொன்னார்கள். விட்டுவைத்தேன்.
தகரக் கூரை வேண்டாம்,
ஐப்பசி மழை ஒருவரையும் வசனம் பேச விடாது.
இரட்டைப் பலகை, நடுவில் தென்னைநார்.
இதற்கெல்லாம் தலையாட்டினார்கள்.

சண்டை வந்தது வேறிடத்தில்.
வரைபடத்தின் வலது மூலையில்
நாற்காலி இல்லாத, சரிவும் இல்லாத தரை.
இது என்ன, ஸ்டோர் ரூமா?
தூங்குவதற்கு, என்றேன்.

டிக்கெட் வாங்கித் தூங்குவார்களா
என்று ஒருவர் பேனாவை மூடினார்.
அங்கமுத்து சொன்னதைச் சொன்னேன்:
ரெண்டு மணிக்கு முக்காவாசிப் பேரு தூங்கிடுவாங்க.
முழிச்சுப் பாக்கறப்ப
கதை அவங்கள உட்டுட்டுப் போயிருக்கக் கூடாது.
அதுக்குத்தான் நாங்க சுத்திச் சுத்திப் பாடறது.

எஸ்டிமேட்டில் அறுபது கோரைப்பாய் எழுதினேன்.
நாற்பதாக வெட்டினார்கள்.
தரையைத் தொடவில்லை.

நேற்று சாரம் பிரித்தார்கள்.
மதியச் சோற்றுக்குப் பிறகு
தச்சு வேலைக்கு வந்த பையன் ஒருவன்
அந்த மூலையில் கவிழ்ந்து படுத்திருந்தான்.
மேடையில் யாரோ ஆணி அடிக்க
ஒவ்வோர் அடிக்கும்
அவன் கால் கட்டைவிரல் அசைந்தது.
கண் திறக்கவில்லை.