விருசுழியில் இரண்டாம் நாள்

தலைக்கு அறுநூறு ரூபாய்.
ஹெல்மெட் சேவுகனின் தம்பி
கிரிக்கெட்டுக்குப் போட்டது,
வியர்வை நாற்றம் போகவில்லை.

தாண்டேலியில் எட்டு மழைக்காலம் துடுப்புப் பிடித்தவன்
தேவகோட்டைக்குத் திரும்பிவந்து
ஆறு வரட்டுமென்று இருந்தான்
மூன்று வருஷம்.
ரப்பர் படகு அரிசி மூட்டைகளுக்கு நடுவே
மடங்கிக் கிடந்தது.

நேற்று வந்தது விருசுழி.
நாளைக்கு இருக்காது.

"முன்னே என்றால் முன்னே.
குனி என்றால் காரணம் கேட்கக்கூடாது."
தணிக்கை அலுவலர் கோமதிநாயகம்கூடக் கேட்கவில்லை.

இரண்டு பக்கமும் இருபதடிச் சுவர்.
மலை ஏது இங்கே?
லாரிகள் அள்ளிப்போன மணலின் காலியிடம் இது.
பொக்லைன் பற்கள் கீறிய வரிகளுக்கிடையே
மீன்கொத்தி வளை போட்டிருக்கிறது.

பள்ளத்தில் விழுந்தோம்.
வயிறு தொண்டைக்கு வந்தது.
வாய் நிறையச் செந்தண்ணீர்.
எங்கள் மாடி முழுக்க இந்த ஆற்று மணல்தான் என்பது
அப்போது நினைவுக்கு வந்ததாக எழுதலாம்.
வரவில்லை.
அம்மா என்றுதான் கத்தினேன்.

"குனி!"
தலைக்கு மேலே போனது சீமைக்கருவேலங் கிளை.
தண்ணீருக்குள் இருந்த இன்னொன்று போகவில்லை.
உஸ்ஸென்றது படகு.

இடுப்பளவு நீரில் நின்று
ஓட்டையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு
"பணத்தைத் திருப்பித் தரவா?" என்றான் சேவுகன்.
கோமதிநாயகம் ஒற்றைச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

பாதிக் காற்றோடு படகைத் தலையில் கவிழ்த்து
கரையேறி நடந்தோம்,
பன்னிரண்டு கால் பிராணி.
முதுகுக்குப் பின்னால் ஆற்றின் சத்தம்.
விடிந்தால் கேட்குமா என்றார் யாரோ.

"குனி" என்றான் சேவுகன்.
குனிந்தோம்.
மேலே
தாழத் தொங்கிய மின்கம்பி.